மற்றும் நலம்

திருவண்ணாமலை,
புதன்கிழமை, கடையிலிருந்து.

அன்புள்ள மாமாவுக்கு,

அன்புச்செல்வி எழுதுவது. கடிதம் என்றால் முதல் வரியில் என்ன இருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். அந்த வரியை மறக்கவில்லை. கடைசிக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். அதில் வரும் ஒரு சொல்லோடு போன மாதம் முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறேன். அதனால் அதைப் பழக்கத்துக்காக எழுதக் கை வரவில்லை.

தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, காகிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். வீடியோவில் உங்களுக்குப் பின்னால் ஷார்ஜா அறையின் கட்டில்கள் வரிசையாகத் தெரிகின்றன. நான் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் உங்களுக்கு முன்னால் மேல் கட்டில்காரர் சிரித்துவிடுகிறார். இந்தப் பக்கம் எனக்குப் பின்னால் அத்தை நிற்கிறார். இப்படி ஒரு சபையில் மனைவி கணவனிடம் மழை பற்றியும் மல்லாட்டை விலை பற்றியும்தான் பேச முடியும். மெசேஜ் அனுப்பலாம் என்றால், உங்கள் போன் அறைக்கே பொது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அதனால்தான் பாலாஜி கையில் கொடுத்து அனுப்புகிறேன். லீவு முடிந்து நாளை ஷார்ஜாவுக்குக் கிளம்புகிறான். இன்று சாயங்காலம் கடைக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். வழியில் பிரித்துப் படித்துவிடுவான் என்ற கவலை வேண்டாம். என்னோடு பத்தாவது வரை ஒரே வகுப்பில் இருந்தவன். அப்போதே அவன் எதையும் பிரித்துப் படித்ததில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. அத்தை இரண்டு முறை கீழ்பென்னாத்தூர் போய் வந்தார். உளுந்து வாங்கப் போவதாகச் சொன்னார். உளுந்து நம் தெருமுனையிலேயே கிடைக்கும். இரண்டு முறையும் உளுந்து வரவில்லை. இரண்டாவது முறை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனார். உளுந்துக்குப் பட்டுப்புடவை எதற்கு என்று நான் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டார்கள், அதனால் எனக்கும் தெரிந்தது. அங்கே ஒரு பெண் இருக்கிறாளாம். பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டோடு இருக்கிறாளாம். அவளுடைய அக்காவுக்கு அடுத்தடுத்து மூன்று குழந்தைகளாம். பெண்ணின் தகுதியாக அதைத்தான் சொல்கிறார்கள். நீங்கள் தீபத்துக்கு வரும்போது அந்த வீட்டுக்கு ஒரு நடை போய் வருவதாக ஏற்பாடு.

இதை அத்தை உங்களிடம் சொல்லிவிட்டாரா, ஊருக்கு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தும் நீங்கள் சும்மா இருக்கிறீர்களா, தெரியாமல் சும்மா இருக்கிறீர்களா? வீடியோவில் இரண்டு சும்மாவுக்கும் முகம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. நானும் தினம் உற்று உற்றுப் பார்க்கிறேன். நெட் சரியில்லையா என்று கேட்கிறீர்கள்.

அத்தையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஏழு வருடமாக ஊர் அவரை நிறுத்தி வைத்துத்தான் விசேஷம் உண்டா என்று கேட்கிறது. என்னைக் கேட்பதில்லை, என் வயிற்றைப் பார்த்துக்கொண்டு அவரைக் கேட்கிறது. அவரும் தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டார். மலையைச் சுற்றி இருக்கும் எட்டு லிங்கத்துக்கும் என் பெயர், நட்சத்திரம் மனப்பாடம்.

கடைக்கு ஆள் வந்து, இந்த இடத்தில் எழுந்து போக வேண்டியதாயிற்று. மஞ்சள் நீராட்டு விழா பேனர். பெண்ணின் படம் நடுவில் ஆளுயரத்துக்கு வேண்டுமாம், தாய்மாமன்கள் இரண்டு பக்கமும், மேலே தலைவர்கள் வரிசையாக. பெரிய பேனர், நாளைக் காலை பைபாஸில் கட்ட வேண்டும். பெண்ணையும் கூட்டி வந்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் தன் படம் பெரிதாகப் பெரிதாக அவள் தன் அம்மாவின் முந்தானைக்குள் சின்னதாகிக்கொண்டே போனாள். உங்களுக்குச் சொல்ல வந்த கதைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

போன மாதம் நம் கடைக்கு ஒரு குழு வந்தது. சென்னையில் இருக்கும் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து பூஜா என்று ஒரு பெண். அடி அண்ணாமலைப் பக்கம் பார்க்கும் அரசாங்க நர்ஸ் வேதா அம்மா. லாட்ஜ் உரிமையாளர் சங்கத்துக்கு ராஜமாணிக்கம். ஆட்டோ ஸ்டாண்டுக்கு இருசப்பன் அண்ணன். நான்கு பேரும் சேர்ந்து பௌர்ணமியை ஒட்டி இரண்டு நாள் ஒரு மருத்துவ முகாம் நடத்தப் போகிறார்கள், அதற்குப் பேனர் வேண்டும். மண்டபத்துக்கும் தங்குவதற்கும் லாட்ஜ் சங்கம் பொறுப்பு, ஆட்களை அழைத்து வருவதற்கு ஆட்டோ ஸ்டாண்டு, ஊசி மருந்துக்கு வேதா அம்மா, மீதி எல்லாவற்றுக்கும் பூஜா.

என்ன முகாம் என்று கேட்டேன். நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூஜா தன் பையிலிருந்து தலைப்பை எடுத்து நீட்டினாள். 'பாலியல் மற்றும் இனப்பெருக்க நலத்தைச் சமூகக் கூட்டாண்மை வழியாக மேம்படுத்துதல்.' நான் தமிழ் எம்.ஏ. படித்தவள், எனக்கே மூச்சு வாங்கியது. அந்தத் தலைப்பைப் பத்துக்கு நான்கு பேனரில் போட்டால் எழுத்து எறும்பு அளவுக்கு வரும், கிட்டே வந்து படித்தால்தான் தெரியும் என்றேன். கிட்டே வந்து படிப்பதை யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது என்று ராஜமாணிக்கம் உடனே கவலைப்பட்டார்.

பிறகு வார்த்தைகளைக் குறைக்க ஆரம்பித்தார்கள். முதலில் எழுந்தது ராஜமாணிக்கம். "பாலியல்னு ஒரு வார்த்தையும் லாட்ஜ் சங்கம்னு ஒரு வார்த்தையும் ஒரே பேனர்ல இருந்தா, போலீஸு பேனரப் படிச்சிட்டு நேரா ரூமுக்குத்தான் வருவாங்க. வேணாம்மா" என்றார். பாலியல் போயிற்று.

இருசப்பன் அண்ணன் அடுத்த வார்த்தையைப் பிடித்தார். "இனப்பெருக்கம்னா மாட்டாஸ்பத்திரி போர்டுல இருக்கறது மேடம். எங்க பசங்க படிச்சிட்டு, மாட்ட ஓட்டிக்கினு வந்துடப் போறாங்க" என்றார். இனப்பெருக்கமும் போயிற்று. சமூகக் கூட்டாண்மை வழியாக என்பது கட்சிக் கூட்டணி மாதிரி இருக்கிறது, எந்தக் கட்சி என்று கேட்பார்கள் என்று அதையும் எடுத்தார்கள். மேம்படுத்துதல் என்பதை யாரும் எதிர்க்கவில்லை. ஆனால் எதை மேம்படுத்துவது என்று சொல்ல இனி எதுவும் இல்லாததால் அது தானாகவே விழுந்துவிட்டது. கடைசியில் கம்ப்யூட்டரில் இரண்டே வார்த்தை நின்றது. மற்றும், நலம்.

மற்றும் நலம் என்று பேனர் அடிக்க முடியாது. பூஜாவின் முகம் வாடிவிட்டது. தலைப்பை இப்படி மாற்றிக்கொண்டே போனால் நிறுவனத்துக்கு எப்படி அறிக்கை எழுதுவேன் என்றாள். வேதா அம்மா சொன்னார், "பேரு எதுனா வெச்சிக்கோங்க. பொம்பளைங்க வீட்ல சொல்லிட்டு வெளிய வர்ற மாதிரி இருக்கணும். அதுக்குமேல எனக்கு ஒண்ணும் வேணாம்."

அந்த மிஞ்சிய நலத்துக்கு முன்னால் 'உள்' என்று நான்தான் சேர்த்தேன். உள்ளாடை, உள்காயம் மாதிரி உள்நலம். உடம்புக்கு உள்ளே இருக்கும் நலம். பழைய தமிழில் நலத்துக்கு அழகு என்றும் பொருள் உண்டு, அதனால் அர்த்தமும் கெடவில்லை என்று விளக்கினேன். நான்கு பேரும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்கள். யாருக்கும் கூசவில்லை. படம் என்ன போடுவது என்று அடுத்த பிரச்சினை. கணவன் மனைவி படம் நெருக்கமாக இருக்கிறது என்றார்கள், தள்ளித் தள்ளி வைத்தால் விவாகரத்து மாதிரி இருக்கிறது என்றார்கள். கடைசியில் ஒரு தாமரை போட்டேன். பின்னால் மலை, அது நம் கடையில் எந்தப் பேனருக்கும் தானாகவே வந்துவிடும்.

உள்நலம். தாமரை. மலை. 'அனைவரும் வருக, அனுமதி இலவசம்.' கிரிவலப் பாதையில், பௌர்ணமிக்கு முந்தின நாள்.

நீங்கள் இந்த ஊரில் பிறந்தவர், மேலே சொல்லவே வேண்டாம்.

மண்டபம் காலை எட்டு மணிக்கே நிறைந்துவிட்டதாம். வெள்ளை உடுத்தியவர்கள், காவி உடுத்தியவர்கள், துணிப்பை மாட்டிய வெளிநாட்டுக்காரர்கள், சென்னையிலிருந்து வேன் பிடித்து வந்த ஒரு பஜனைக் குழு. நாற்காலிகளை ஓரம் ஒதுக்கிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். முகாமுக்கு வந்த டாக்டரம்மா உள்ளே நுழைந்ததும் முன்வரிசை எழுந்து கும்பிட்டது. அவர் இத்தனை வருட அரசாங்க வேலையில் இதைப் பார்த்ததில்லையாம், பதிலுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் அவரும் கும்பிட்டாராம். பூஜா கர்ப்பப்பை படத்தைத் திரையில் போட்டிருக்கிறாள். ஒரு பெரியவர் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை. அந்த உறுப்புக்கு நம் ஊரில் இதுவரை கிடைத்த மரியாதைகளில் அதுதான் பெரியது என்று இருசப்பன் அண்ணன் சொன்னார்.

இது தியான முகாம் இல்லை என்று புரிந்ததும் பாதிப் பேர் எழுந்து போனார்கள். மீதிப் பாதி போகவில்லை. பஜனைக் குழுவிலிருந்து ஒரு அம்மா மட்டும் வேதா அம்மாவிடம் போய், ரொம்ப நாளாக வெள்ளைப்படுகிறது, கேட்டுத் தொலைக்கிறேன் என்று ஆரம்பித்திருக்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றுவிட்டது. பூஜாவுக்கு மனசு கேட்கவில்லை; ஏமாற்றி வரவழைத்த மாதிரி இருக்கிறது, பேனரைக் கழற்றிவிட்டு வேறு அடிக்கலாம் என்று எனக்குப் போன் செய்தாள். வேதா அம்மா போனை வாங்கி, கழற்ற வேண்டாம், பெரிதாக இன்னொன்று அடி என்றார்.

அடி அண்ணாமலையிலும் சுற்று வட்டாரத்திலும் செய்தி வேறு மாதிரி பரவியது. கிரிவலப் பாதையில் உள்நலம் என்று ஏதோ நடக்கிறது. ஒரு அம்மா உள்ளே கூப்பிட்டுப் பேசுகிறார். வெளியே வரும் பெண்கள் முகம் தெளிந்து வருகிறார்கள். சாயங்காலத்துக்குள் இது, அங்கே உட்கார்ந்து எழுந்தால் பிள்ளை தங்குகிறதாம் என்று ஆகிவிட்டது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது அத்தை என்னிடம், நாளைக்குத் தலைக்கு ஊற்றிக்கொள், உள்நலத்துக்குப் போகிறோம் என்றார்.

அந்தப் பெயரை வைத்த நான்தான் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். நான் வாயைத் திறக்கவில்லை, மாமா. திறந்திருந்தால் உள்நலம் இல்லை என்று ஆகியிருக்கும். எட்டு லிங்கத்தையும் இன்னொரு சுற்று சுற்றியிருப்போம்.

கரண்ட் போய் வந்தது. பாலாஜி போன் செய்தான், சீக்கிரமே வந்தாலும் வருவேன் என்கிறான். உறவினர் யாரோ அல்வா கொடுத்தார்களாம், எடை கூடிவிட்டதாம், கடிதம் கனமாக இருக்குமா என்று கேட்கிறான். இருக்கும் என்றேன்.

பௌர்ணமி அன்று காலை அத்தை தேங்காய், பூ, வெற்றிலையோடு வந்தார். மண்டபத்தில் அதை யாரிடம் கொடுப்பது என்று பார்த்தார். வேதா அம்மா வாங்கிக்கொண்டு மேசையில் வைத்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. என்னை மட்டும் திரைக்குப் பின்னால் டாக்டரிடம் அனுப்பினார்.

போன வருடம் பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனைகளையும் நான் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார், சோதித்தார். உங்களைப் பற்றிக் கேட்டார். என்ன வேலை, எப்போது வருவீர்கள், வந்தால் எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்டுவிட்டு, ஏழு வருடத்தில் நாம் சேர்ந்து இருந்த மாதங்களைக் கூட்டினார். ஒரு வருடம் கூட முழுசாக வரவில்லை. எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஊர் ஏழு வருடம் என்று சொல்லிச் சொல்லி, நானும் ஏழு வருடம் உங்களோடு இருந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்கிட்ட குறைன்னு எனக்கு ஒண்ணும் தெரியலம்மா. இத்தனை நாளா எல்லாரும் பாதியைத்தான் பாத்திருக்காங்க. மீதிப் பாதி உன் வீட்டுக்காரர்கிட்ட இருக்கு. அவரையும் ஒரு டெஸ்ட்டு பாத்துடணும்." உங்களிடமும் குறை எதுவும் இல்லாமல் இருக்கலாம், சேர்ந்து இருக்க நாள் போதாததே காரணமாக இருக்கலாம் என்றார். குறை இருந்தாலும் பெரும்பாலும் வைத்தியம் உண்டு, மருந்திலேயே சரியாகிறவர்கள் இருக்கிறார்கள் என்றார். பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு காலைப்பொழுது வேலை. வலி கிடையாது, ஊசி கூடக் கிடையாது.

திரைக்கு வெளியே வந்தால் அத்தை இல்லை. அவர் வேறொரு திரைக்குப் பின்னால் இருந்தார். வேதா அம்மா வழக்கம்போல, உங்களுக்கு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டிருக்கிறார். அதை யாரும் அதுவரை அத்தையிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. வெகுநேரம் உள்ளேயே இருந்தார். டாக்டரும் உள்ளே போனார்.

அங்கே பேசியது அத்தையுடையது, அதை நான் எழுத மாட்டேன். நீங்களும் கேட்காதீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். அத்தை எப்போதும் ஒரு பக்கமாக ஒருக்களித்துத்தான் உட்காருவார், நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது அவருடைய வழக்கம் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். உங்களைப் பெற்ற நாளிலிருந்து அப்படி. இப்போது நேராக உட்காருகிறார். செவ்வாய்க்கிழமைகளில் துணை சுகாதார நிலையத்துக்குப் போய் வருகிறார். உள்நலத்துக்குப் போகிறேன் என்று உங்கள் அப்பாவிடம் சொல்லிவிட்டே போகிறார். அவர் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவைக்கிறார்.

திரும்பி வரும்போது இருசப்பன் அண்ணனின் ஆட்டோ. மழை இல்லை, இருந்தாலும் படுதாவை இறக்கிவிட்டிருந்தார். அந்த இரண்டு நாளும் அவருடைய ஸ்டாண்டு வண்டிகள் எல்லாம் அப்படித்தான் ஓடின. அந்த மூடின இருட்டுக்குள் நான் டாக்டர் சொன்னதை அத்தையிடம் சொன்னேன். எந்த வார்த்தையில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். எம்.ஏ. தமிழில் அதற்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அவரையும் உள்நலம் பார்க்கச் சொல்கிறார்கள் என்றேன்.

அத்தை கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். என் பிள்ளைக்கு என்ன குறை என்று ஆரம்பித்திருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும். ஏழு வருடமாகத் தயார் செய்து வைத்திருக்கிறேன். அவர் படுதாவின் ஓரத்தை இழுத்துச் செருகினார். பிறகு சொன்னார், "எனக்கே வாயத் தொறக்க இத்தன வருசம் ஆயிடுச்சிடி. அவன் ஆம்பள. அவன் எப்பிடித் தொறப்பான்?"



வீட்டு வாசலில் இறங்கும்போது, கீழ்பென்னாத்தூர்க்காரர்களிடம் தீபம் கழித்துப் பேசலாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றார். சொல்லியும்விட்டார். தள்ளி வைத்திருக்கிறார், மாமா. நிறுத்தவில்லை. பட்டுப்புடவையை இன்னும் பீரோவுக்குள் வைக்கவில்லை, கொடியில் ஆறப்போட்டிருக்கிறார். போகும்போதும் வரும்போதும் அது என் தலையில் தட்டுகிறது.

இருசப்பன் அண்ணனுக்கு முன்பக்கம் எல்லாம் கேட்டிருக்கிறது. மறுநாள் கடைக்கு வந்தார், ஆட்டோவுக்கு ஸ்டிக்கர் ஒட்ட. ஸ்டிக்கரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தவர், திடீரென்று என்னைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார். அவருக்கும் கல்யாணமாகி நான்கு வருடம் ஒன்றும் இல்லாமல் இருந்து, அந்த டெஸ்ட்டுக்குப் போனாராம். ஸ்டாண்டில் யாருக்கும் தெரியாது. "வண்டிய ஆர்.டி.ஓ. கிட்ட கொண்டு போயி எஃப்.சி. காட்டுறோமில்ல, அந்த மாதிரிதான் தங்கச்சி. எஃப்.சி.க்குப் போனா வண்டி மட்டம்னு அர்த்தமா? ரோட்ல ஓடணும்னு அர்த்தம். மாப்ள செழியன்கிட்ட அப்பிடிச் சொல்லு." பெரிய பெண் இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். முகாமுக்கு ஆண்களையும் அழைத்து வருவது அவர் ஏற்றுக்கொண்ட பொறுப்பு. இரண்டு நாளில் அவரால் ஒரு ஆணைக்கூட மண்டபத்துக்குள் இறக்க முடியவில்லை. தன் கதையைச் சொல்லியிருந்தால் நாலு பேர் வந்திருப்பார்கள் என்று அவருக்கும் தெரியும். என்னிடம் சொல்லவே ஸ்டிக்கர் ஒட்டுகிற சாக்கு வேண்டியிருந்தது, அந்த ஸ்டிக்கரையும் ஒட்டாமலே போய்விட்டார்.

உங்கள் அப்பாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மார்கழி விதைப்புக்கு விதை மல்லாட்டை, முழுக் கடலையாகப் பார்த்து, வாங்கி வந்திருக்கிறார். எப்போதும்போல ஒரு பிடி விதையை எடுத்து ஈரச் சாக்கில் சுருட்டி, தண்ணீர்த் தொட்டி ஓரமாக வைத்தார், முளைக்கிறதா என்று பார்க்க. நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். "விக்கிறவன் நல்ல விதைன்னுதான் சொல்வான். போன வருசமும் நல்லதுதான் குடுத்தான். இருந்தாலும் பாத்துக்கினா நமக்கு ஒரு தைரியம்" என்றார். சாக்கைப் பார்த்துத்தான் சொன்னார். தினமும் காலையில் பிரித்துப் பார்க்கிறார், என் கண்ணில் படும்படிதான் பிரிக்கிறார். இதை உங்களுக்கு எழுதச் சொல்லவில்லை. எழுதாதே என்றும் சொல்லவில்லை. அவரிடமிருந்து இவ்வளவு நீளமான பேச்சை நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தேன். பாலாஜி இல்லை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர். இறந்தவருக்கு எந்தப் படம் போடுவது என்று வீட்டாருக்குள் சண்டை. அவர்கள் முடிவு செய்வதற்குள் நான் இதை முடித்துவிட வேண்டும்.

உங்கள் மனதில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். ஊர் என்ன சொல்லும். அறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்தால் மேல் கட்டில்காரர் எப்படிச் சிரிப்பார். இவள் என்னை எப்படிப் பார்ப்பாள். கடைசிக் கேள்விக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும். குறை உங்களிடம் இருந்தால் நான் கீழ்பென்னாத்தூர் போய் மாப்பிள்ளை தேட மாட்டேன். உளுந்து வாங்கக்கூட அந்தப் பக்கம் போக மாட்டேன். குறை இல்லை என்று வந்தால் நாள் போதவில்லை என்று அர்த்தம். அப்போது நாம் பேச வேண்டியது ஷார்ஜாவைப் பற்றி, இன்னொரு பெண்ணைப் பற்றி இல்லை. எது வந்தாலும் அது நம் இரண்டு பேருக்குள். அத்தைக்கும் உள்நலம் என்ற அந்த ஒரு வார்த்தைக்கு மேல் தெரிய வேண்டாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். தீபத்துக்கு வாருங்கள். குளித்து, சாப்பிட்டு, மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, வேறு எந்த வீட்டு வாசலையும் மிதிப்பதற்கு முன்னால், என்னோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு காலைப்பொழுது வாருங்கள். வழியில் யாராவது எங்கே என்று கேட்டால் கூச்சப்பட வேண்டியதில்லை. உள்நலத்துக்கு என்று சொல்லுங்கள். இந்த ஊரில் அதற்குமேல் ஒரு கேள்வி வராது. கும்பிட்டு வழிவிடுவார்கள். உங்கள் மனைவி போட்ட பேனர் அந்த அளவுக்கு வேலை செய்திருக்கிறது.

இதற்குப் பதில் எழுத வேண்டாம், உங்களுக்கு எழுத வராது என்பது எனக்குத் தெரியும். வரச் சம்மதம் என்றால், பாலாஜி வந்து சேர்ந்த பிறகு ஒரு நாள் வீடியோவில், மழை, மல்லாட்டை எல்லாம் பேசி முடித்ததும், வீட்டில் உளுந்து இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்குப் பின்னால் யார் இருந்தாலும் பரவாயில்லை, எனக்குப் பின்னால் யார் நின்றாலும் பரவாயில்லை. இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் அன்று தூங்குவேன்.

பாலாஜி வந்துவிட்டான். அல்வாவையும் கையோடு கொண்டுவந்து எடை பார்க்க நம் கடையில் தராசு இருக்கிறதா என்று கேட்கிறான்.

ஒதுக்கி வைத்திருந்த வரியை இப்போது எழுதுகிறேன். வழக்கத்துக்காக எழுதவில்லை, மாமா. ஒவ்வொரு சொல்லையும் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

நான் நலம். உங்கள் நலமறிய ஆவல்.

இப்படிக்கு,
உங்கள்
அன்புச்செல்வி